கடைசி வண்டி தனிஸ்லாஸ்

பாளையங்கோட்டை லூர்து நகர் மூன்றாம் தெருவின் கடைசியில், பழைய அரிசி ஆலையின் மதில் இருக்கிற இடத்தில், அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், சாப்பாடு முடிந்து ஜனங்கள் கண் அசருகிற நேரத்தில், புல் பூண்டு ஒன்றுமில்லாத பழுப்பு மலைகள் நான்கும், அவற்றின் இடுப்பில் கட்டிய நூலைப் போல ஒரு கல் ரோடும், அந்த ரோட்டில் கட்டைவிரல் அளவுக்கு எமல்டாவின் வீட்டுக்காரர் தனிஸ்லாஸும் அவருடைய புல்லட்டும் வந்து சேர்ந்தார்கள். முதலில் பார்த்தவள் துணி எடுக்க மாடி ஏறிய பக்கத்து வீட்டு ஜெசிந்தா. அவள் ஓடி வந்து சொன்னபோது, ஆறுதல் சொல்ல வந்து பத்தொன்பது நாளாகியும் ஊருக்குத் திரும்பாத சொந்தக்காரர்களுக்காக எமல்டா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். செதிள் ஒட்டிய கையோடு தெருவுக்கு ஓடி, அந்தக் கையையே நெற்றிக்கு மேல் வைத்து, காணாமல் போன மனிதரை நன்றாக ஒரு தடவை பார்த்துவிட்டு அவள் சொன்னது இவ்வளவுதான்.

"இன்னும் அங்கதான் வாறாரா?"

தனிஸ்லாஸ் தாமதமாக வருகிறவர் என்பது தெருவுக்கே தெரியும். கல்யாணத் திருப்பலிக்கே, எமல்டாவைப் பூச்செண்டோடு கோயில் வாசலில் நாற்பது நிமிஷம் நிற்கவைத்துவிட்டு, இரண்டு ஷூவின் கயிறும் ஒரே நீளத்தில் தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவர். கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பது வருஷம் உதவியாளராக இருந்து, கண்ணாடிக் குழாயிலிருந்து அமிலம் சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்துப் பார்த்து, உலகமே அப்படித்தான் நடக்கவேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிட்டவர். எமல்டாவோ, மணி அடித்த பிறகு வருகிற பிள்ளையை மதியம் வரை வெயிலில் நிறுத்துகிற கன்னியாஸ்திரிகளிடம், ஒருநாள்கூட வெயிலில் நிற்காமல் படித்து முடித்தவள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷமாக அவள் செருப்பை மாட்டி, பையைத் தோளில் போட்டு, வெளி கேட்டில் கை வைத்து நின்றிருக்கிறாள். உள்ளே அவர் காஸ் மூடியிருக்கிறதா என்று மூன்றாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அப்படிப்பட்டவரைத்தான் திரவியம் தன்னுடைய வடக்குப் பயணத்துக்குக் கடைசி வண்டியாகப் போட்டுக்கொண்டார். திரவியம் அடுத்த தெருவில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறவர். ஆறு ஆண்கள், ஆறு புல்லட்டுகள், சண்டிகர் வரை ரயிலில் வண்டிகளை ஏற்றி, அங்கிருந்து மணாலி, கேலாங் வழியாக லே வரைக்கும் ஓட்டிக்கொண்டே போவது என்று திட்டம் போட்டவர் அவர்தான். அந்த மாதிரிப் பயணத்தில் முதல் வண்டிக்கு இருக்கிற மரியாதையைவிடக் கடைசி வண்டிக்கு மரியாதை அதிகம். கடைசி வண்டி யாரையும் முந்தாது. முன்னால் போகிறவன் பஞ்சர் என்று நின்றால் அதுவும் பின்னால் நிற்கும். ஒருத்தன் வாந்தி எடுத்தால் இறங்கி முதுகைத் தடவிவிடும். காற்றடிக்கிற பம்பும் இழுவைக் கயிறும் மருந்துப் பெட்டியும் அதன் முதுகில்தான். முன்னால் போன ஒவ்வொருத்தனும் இடம் சேர்ந்து, எஞ்சினை நிறுத்தி, கையைத் தூக்கிக் காட்டினானா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் அது தன் எஞ்சினை நிறுத்தும்.

"அண்ணன் மாதிரி ஆளு இந்த வேலைக்குக் கிடைக்க மாட்டாங்க மதினி" என்றார் திரவியம்.

"ஏன் கிடைக்க மாட்டாங்க. பொறந்ததுலருந்து கடைசியா வாறதுக்குத்தானே பழகுதாரு" என்றாள் எமல்டா.

செப்டம்பர் இருபத்து மூன்றாம் தேதி, பாரலாச்சா கணவாய்க்கு அப்பால், சர்ச்சு என்கிற பொட்டல் வெளியில் போட்டிருந்த கூடாரத்துக்கு நான்கு வண்டிகள்தான் வந்து சேர்ந்தன. ஐந்தாவது வண்டிக்காரன் ரெமிஜியுஸ், ஜெசிந்தாவின் புருஷன், மலைக்காற்று ஒத்துக்கொள்ளாமல் தலைவலி கண்டு, கீழே போகிற லாரியில் வண்டியோடு ஏறி மணாலிக்கே இறங்கிவிட்டிருந்தான். ஆறாவது வண்டி வரவேயில்லை. "நான் அண்ணன்ட்ட சொல்லிட்டுத்தான் லாரி ஏறினேன்" என்று ரெமி சொன்னான். அப்படியானால் தனிஸ்லாஸ் மற்ற நாலு பேரைப் பிடிக்க வருகிற வழியில் எங்கேயோ சறுக்கியிருக்க வேண்டும் என்று அங்கே உள்ளவர்கள் கயிறு கட்டிப் பள்ளத்தில் இறங்கித் தேடினார்கள். ஒரு கையுறைகூடக் கிடைக்கவில்லை. நாலு பேரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ரயிலேறி வந்தார்கள்.

அதனால் மலைகள் வந்த அன்று தெரு அழவில்லை, பயப்படவில்லை, ஒருவருக்கொருவர் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஆண்கள் அவரை எதிர்கொண்டு அழைத்துவரக் கிளம்பினார்கள். இருபத்திரண்டாம் நம்பர் வீட்டைத் தாண்டிப் பன்னிரண்டு எட்டு வைத்ததும் நெற்றி மதிலில் இடித்தது. கண்ணுக்கு மலை, கைக்கு மதில். விரலில் சுண்ணாம்பு ஒட்டியது. திரவியம் வண்டியோடு போய் ஹெட்லைட்டை உடைத்துக்கொண்டார். ஏணி வைத்து மதில் மேல் ஏறிப் பார்த்தால் அந்தப் பக்கம் ஆலையின் நெல் காயவைக்கிற களமும் அதில் நாலு ஆடுகளும்தான். தெருவுக்கு இறங்கி வந்து பார்த்தால் மறுபடியும் மலை, மறுபடியும் தனிஸ்லாஸ்.

தினமும் மூன்று மணி சுமாருக்கு அவர் தூரத்து வளைவில் தோன்றுவார். பத்து கஜம் வருவார், நிற்பார். இறங்கி, ஸ்டாண்டைப் போட்டு, அது சரியாக விழுந்ததா என்று குனிந்து பார்ப்பார். பள்ளத்தை எட்டிப் பார்ப்பார். பாறைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஏறுவார். இன்னும் பத்து கஜம். ஐந்தரை மணிக்கு முழங்கை அளவுக்கு வளர்ந்து, ஹெல்மெட்டுக்குள் மீசை தெரிகிற கட்டத்தில், மலைக்கு அந்தப் பக்கம் வெயில் இறங்கி, எல்லாம் மங்கி, மதில் மதிலாகிவிடும். மறுநாள் மறுபடியும் வளைவிலிருந்து, மறுபடியும் கட்டைவிரலிலிருந்து. அங்கே நாள் நகரவில்லை. அங்கே எப்போதும் செப்டம்பர் இருபத்து மூன்று, எப்போதும் மதியம். தெரு இதைப் பார்த்துச் சிரித்தது. "நம்ம அண்ணன்தான், சந்தேகமே வேண்டாம். ஸ்டாண்டு விழுந்துட்டான்னு மூணு தரம் பாக்காரு பாருங்க" என்றார்கள். எப்படியும் வந்துவிடுவார், அவர் வருகிற வேகத்தில்தானே வருவார் என்று எல்லாரும் எமல்டாவுக்குச் சொன்னார்கள், எமல்டாவும் அதையே தனக்குச் சொல்லிக்கொண்டு முதல் பத்து நாள் ஆறு மணிக்குத் தட்டு வைத்தாள், பதினோராம் நாள் அந்தத் தட்டைக் கவிழ்த்துவைத்தாள்.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுகிறார்கள், மூன்றாம் தெருக்காரர்கள் கொஞ்சம் சீக்கிரமாகவே பழகினார்கள். மதிலை ஒட்டிய இரண்டு வீடுகளிலும் மூன்று மணிக்கு மேல் மலை உயரத்தின் மெல்லிய காற்றில் மூச்சு வாங்கியது, சோறு வேகவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் குக்கரில் ஆறு விசில் விடக் கற்றுக்கொண்டார்கள். மூலைக் கடையில் தொங்கிய சிப்ஸ் பாக்கெட்டுகள் தினமும் மதியத்தில் தலையணை போல உப்பி, இரவில் தானாக அடங்கின. மலையிலிருந்து வந்த காற்றில் ஈரமே இல்லாததால் மாடியில் போட்ட வடகம் அரை நாளில் காய்ந்தது, துணி பத்து நிமிஷத்தில் காய்ந்தது, பிள்ளைகளின் உதடு வெடித்தது, எல்லா வீட்டு ஜன்னல் கம்பியிலும் பழுப்புத் தூசி படிந்தது. பங்குச் சாமியார் வந்து மதிலுக்குத் தீர்த்தம் தெளித்தார். மூன்று மணிக்கு மேல் ஜெபமாலை சொன்னால் மூச்சு வாங்குகிறது என்று அதைக் காலைக்கு மாற்றினார். வேறு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து முதுகைக் காட்டி நின்று செல்போனில் படம் எடுத்தார்கள், படத்தில் மதில் மட்டும் விழுந்ததைப் பார்த்து ஏமாற்றத்தோடு போனார்கள்.

பிறகு தண்ணீர் வந்தது. அந்த மலை ரோட்டில் மதிய வெயிலுக்குப் பனி உருகி, நாலு மணிக்கு ஓடைகள் பெருகி ரோட்டின் குறுக்கே ஓடும் என்று திரவியம் முன்பே சொல்லியிருந்தார். டிசம்பரில் ஒருநாள் நாலு மணிக்கு அப்படிப்பட்ட ஓடை ஒன்று மதிலின் அடியிலிருந்து வழிந்து, தெருவின் சாக்கடை ஓரமாக ஓடி வந்தது. சாம்பல் நிறத் தண்ணீர். வாயில் வைத்தால் பல் வேரெல்லாம் கூசும். ஒரு இரவு குடத்தில் வைத்தால் வண்டல் அடியில் இறங்கி, கண்ணாடியாகத் தெளியும். குழாய் நாலு நாளைக்கு ஒருமுறை சொட்டுகிற தெருவுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சங்கத் தலைவர் சங்கரபாண்டியன், ஓய்வு பெற்ற தாசில்தார், வீட்டுக்கு எட்டுக் குடம் என்று முறை வகுத்து, கையில் விசிலோடு மதிலடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பொங்கல் வருவதற்குள் தெரு மூன்று மணிக்கு மலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு நாலு மணிக்குத் தரையைப் பார்க்க ஆரம்பித்தது.

எமல்டா மதிலடிக்குப் போகவில்லை. தன் வீட்டு முன்னால் நின்றபடி, முழங்கை அளவுக்கு வளருகிறவரை அவரைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவளுடைய எட்டுக் குடத்தையும் ஜெசிந்தாதான் கொண்டுவந்து வைத்தாள்.

"கிட்ட வந்து ஒரு தரம் பாருங்களேன் அக்கா."

"எதுக்கு? கிட்டப் போனா ஓடி வந்துருவாரா?"

"ஒரு ஆறுதல்தான."

"எனக்கு ஆறுதல் வேண்டாம் ஜெசி. ஆளு வேணும். வந்த பெறகு கேக்கதுக்கு ஒரு நோட்டு நெறையக் கேள்வி வச்சிருக்கேன்."

மார்ச்சில் ஜெசிந்தா காய்ச்சலில் படுத்தாள். அன்றைக்கு எமல்டா தானே குடத்தைத் தூக்கிக்கொண்டு மதிலடிக்குப் போக வேண்டியதாயிற்று. ஐந்து மணி இருக்கும். வரிசையில் நின்று அலுத்துப்போய் நிமிர்ந்தவள், ஐந்து மாதத்தில் முதல் தடவையாகப் பதினைந்து அடி தூரத்தில் தன் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தாள். ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டிருந்தார். உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. பள்ளத்தின் ஓரத்தில் நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்து, கீழே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். சத்தம் இந்தப் பக்கம் வரவில்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்து அடங்கியது. கொஞ்ச நேரம் காது கொடுத்து நின்றார். பிறகு கையுறையைக் கழற்றி, சுண்டு விரலிலிருந்து ஒவ்வொன்றாக மடக்கினார்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கட்டைவிரலை மடக்காமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

காஸை மூன்று தடவை பார்க்கிற முகம் அவளுக்குத் தெரியும். அந்த முகத்தில் ஒரு சுகம் இருக்கும். இந்த முகம் அது இல்லை. அசலூர்க்காரன் எவனாவது பார்த்திருந்தால் இந்த ஆள் எதையோ தேடுகிறான் என்று முதல் நாளே சொல்லியிருப்பான். தனிஸ்லாஸைக் கரைத்துக் குடித்த இருபத்திரண்டு வீடுகளுக்கும், எல்லாரையும்விட நன்றாகக் கரைத்துக் குடித்த அவளுக்கும்தான் அது கண்ணில் படாமல் போயிற்று. குடத்தை அங்கேயே வைத்துவிட்டு எமல்டா திரவியத்தின் கடைக்குப் போனாள்.

"உங்க நாலு பேரும் கூடாரத்துக்குப் போய்ச் சேந்துட்டீங்க. தூரத்துல இருந்து பாத்து நாலு வண்டியத்தான் எண்ணி, அஞ்சாவது ஆளக் காணலன்னா கடைசி வண்டி என்ன செய்யும்?"

"திரும்பி வந்து தேடும் மதினி. கண்டுபிடிக்காம வராது. ஆனா ரெமிதான் அண்ணன்ட்ட சொல்லிட்டு..."

திரவியம் கையிலிருந்த பிரேக் கம்பியைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடி சுருட்டினார்.

ரெமி வீட்டில்தான் இருந்தான். மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை அவன் எப்போதும் வீட்டுக்குள்தான் இருப்பான், ஜன்னலைச் சாத்திக்கொண்டு. தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்பான். எமல்டா உட்காரவில்லை.

"நீ அவருட்டச் சொன்னியா?"

"அக்கா, அது அன்னிக்கே..."

"சொன்னியா இல்லையா. ஒரே வார்த்தை."

அவன் தலையைக் குனிந்தான். உள் அறையில் கட்டிலில் கிடந்த ஜெசிந்தா எழுந்து உட்காருகிற சத்தம் கேட்டது.

"தலை ரெண்டாப் பொளக்குத மாதிரி இருந்துச்சுக்கா. மூக்குல ரத்தம். செத்துருவேன்னு நினைச்சேன். லாரிக்காரன் வாறியான்னான். அண்ணன் ரெண்டு வளைவு பின்னால, அவரு வந்து சேர அரை மணி நேரமாவது ஆகும். வெக்கமா வேற இருந்துச்சு. வண்டியத் தூக்கிப் போட்டு மேல தார்ப்பாயப் போட்டாங்க."

"லாரி கீழதான வந்துச்சு. அவரு எதிர்லதான வந்திருப்பாரு."

"வந்தாரு." ரெமி இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தான். "ரோடு குறுகலு. அவரு ஓரமா நிறுத்தி லாரிக்கு வழி விட்டாரு. டிரைவருக்குக் கையக் காட்டினாரு. நான் குனிஞ்சுக்கிட்டேன்."

எமல்டாவுக்குத் திட்டத் தெரியாத வார்த்தை கிடையாது. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. "எந்திரி" என்றாள். "மதிலடியில வண்டியக் கொண்டு நிறுத்தி, அன்னிக்கு மலையில போட்டிருந்த ஆரஞ்சு மழைக்கோட்டப் போட்டுட்டு, கையத் தூக்கிக் காட்டு. நீ பத்திரமா இருக்கேன்னு அவரு கண்ணால பாக்கட்டும். பாத்தா வீட்டுக்கு வந்துருவாரு."

"நாளைக்குக் காட்டுதேன்க்கா" என்றான் ரெமி. மறுநாள் வண்டிக்குப் பேட்டரி இல்லை என்றான். அதற்கு மறுநாள் சங்கரபாண்டியன் கூட்டம் போட்டார்.

கூட்டத்தில் யாரும் கூடாது என்று சொல்லவில்லை. அதுதான் எமல்டாவுக்குப் பிற்பாடும் ஆறவில்லை. ஒருத்தராவது கூடாது என்று சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பாள். எல்லாரும் நல்லவர்கள். எல்லாரும் அவள் வீட்டுச் சம்பந்தமான நல்லது கெட்டதில் பந்தி பரிமாறியவர்கள். சங்கரபாண்டியன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "தனிஸ்லாஸ் வரணும்மா, அதுல ரெண்டு கருத்து இல்ல" என்றார். "அவரு வந்துட்டா அந்த ரோடு எதுக்கு நிக்கும்? மூடிக்கிடும். தண்ணியும் போயிரும். சித்திரை வெயில் மட்டும் கழியட்டும்னு எல்லாரும் அபிப்பிராயப்படுதாங்க. இத்தனை நாள் பொறுத்தாச்சு. கொஞ்சம் பொறுங்களேன்."

"மாதா கோயில் கொடியேத்தம் மட்டும் முடியட்டும்" என்றார் ஒருவர்.

"நம்ம கிறிஸ்டி கல்யாணம் வருது. மண்டபத்துக்குத் தண்ணி வேணும்லா" என்றாள் ஒருத்தி.

"அவருக்கு அங்க பசி தாகம் ஒண்ணும் இல்லையே, அதே நாள்தான்" என்றார் இன்னொருவர், உண்மையான அக்கறையோடு.

"சார், நீங்க தாசில்தாரா இருந்தவரு" என்றாள் எமல்டா. "எங்க வீட்டுக்காரர எந்தக் கணக்குல வச்சிருக்கீங்க, ஆளா, கால்வாயா?"

யாரும் சண்டைக்கு வரவில்லை. அன்று சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் எட்டுக்குப் பதில் பன்னிரண்டு குடம் இருந்தது. பன்னிரண்டையும் அவள் தெருவில் கவிழ்த்தாள். வண்டல் காய்ந்து ஒரு வாரம் அங்கேயே கிடந்தது, அதைத் தாண்டித்தான் எல்லாரும் தண்ணீருக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு அவள் ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்கு ரெமி வீட்டு முன்னறையில் போய் உட்கார்ந்தாள். ஜன்னலை மட்டும் திறந்துவைத்தாள். கொடியேற்றம் முடிந்தது, சப்பரம் சுற்றி வந்தது, கிறிஸ்டியின் கல்யாணமும் மண்டபம் நிறையத் தண்ணீரோடு நடந்து முடிந்தது. ரெமி சித்திரை முழுவதும் இளைத்துக்கொண்டே போனான். கடைசியில் அவனை எழுப்பியது எமல்டா இல்லை. ஒருநாள் ஜெசிந்தா பரணில் ஏறி, அந்த ஆரஞ்சு மழைக்கோட்டைத் தேடி எடுத்து, உதறி, புருஷனுடைய மடியில் போட்டாள்.

"நாளைலருந்து தண்ணிக்கு நான் எங்கயாவது அலைஞ்சுக்கிடுதேன். நீங்க போயி கையத் தூக்கிட்டு வாங்க. ஒரே வீட்டுக்குள்ள உங்க கூட இருக்க முடியல எனக்கு."

அதனால் ஒரு புதன்கிழமை, நாலரை மணிக்கு, தெருவிலுள்ள குடம், டிரம், அண்டா, குழந்தையைக் குளிப்பாட்டுகிற தொட்டி வரைக்கும் நிறைத்துவைத்துவிட்டு எல்லாரும் இரண்டு பக்கமும் நின்றார்கள். முன்னே நின்றவர்களில் திரவியமும், அவரோடு கூடாரத்துக்குப் போய்ச் சேர்ந்த மற்ற மூன்று பேரும் இருந்தார்கள். ரெமி மழைக்கோட்டைப் போட்டு, ஏழு மாதத்துக்குப் பிறகு வண்டியைக் கிளப்பி, தெருவின் நடுவே மெதுவாக வந்தான். மழைக்கோட்டுக்குள் வியர்த்து, கழுத்து நனைந்திருந்தது. மதிலடியில் நிறுத்தினான். எஞ்சினை அணைத்தான். கையைத் தூக்கினான்.

மலைப்பக்கம் தனிஸ்லாஸ் ஒரு பாறைக்குப் பின்னாலிருந்து வந்து வண்டியில் கை வைத்தவர், நிமிர்ந்தார். இத்தனை மாதத்தில் அவர் இந்தப் பக்கம் பார்த்தது அதுதான் முதல் தடவை. தெருவைப் பார்த்தாரா என்று தெரியாது, ரெமியைப் பார்த்தார். பார்த்த பார்வையில் மீசை நடுங்கியது. கையை உயர்த்தி, மடங்காமல் நின்றுகொண்டிருந்த கட்டைவிரலை மடக்கினார். அந்தக் கையாலேயே நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். வண்டியில் ஏறினார். தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. எமல்டா சேலை முந்தானையை இடுப்பில் செருகினாள், முதல் கேள்வி எது என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

தனிஸ்லாஸ் வண்டியைத் திருப்பினார். ரோடு குறுகல், ஒரு பக்கம் பள்ளம். முன்னே அரை அடி, பின்னே அரை அடி என்று ஏழெட்டுத் தடவை உருட்டி, பதற்றமில்லாமல், அழகாகத் திருப்பினார்.

"எதுக்கு அக்கா திருப்புதாரு?" என்றாள் ஜெசிந்தா.

எமல்டா திரவியத்தைப் பார்த்தாள். திரவியம் ஒரு அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தார்.

"கூடாரத்துக்குப் போறாரு மதினி."

"எந்தக் கூடாரம்?"

"சர்ச்சு. ரெமியத் தேடித்தான திரும்பி வந்தாரு. அவன் கீழ பத்திரமா எறங்கிட்டான்னு பாத்தாச்சு. இனி முன்னால உள்ளவங்க பின்னால போகணும்லா."

"முன்னால யாரு இருக்கா?"

எமல்டா திரும்பிப் பார்த்தாள். முன்னால் இருக்க வேண்டிய நாலு பேரும் லூர்து நகர் மூன்றாம் தெருவில், லுங்கியும் பனியனுமாக, ஆளுக்கொரு குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. முகம் இந்தப் பக்கம் இருந்ததால் வருகிறார் என்று நினைத்திருந்தார்கள். ஏழு மாதத்தில் ஒருநாள்கூட அவர் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கவில்லை.

அவள் ஓடினாள். பன்னிரண்டு எட்டில் மதில் வந்தது. உள்ளங்கை இரண்டாலும் அறைந்தாள், "இந்தாங்க, இந்தாங்க" என்று கூப்பிட்டாள், சுண்ணாம்பு உதிர்ந்து தலையில் விழுந்தது. அந்தப் பக்கம் அவருடைய முதுகு, வண்டியின் பின்னால் கட்டிய பம்பு, கயிறு, மருந்துப் பெட்டி. கல் ரோட்டில் வண்டி துள்ளித் துள்ளிப் போயிற்று. ஓடையில் இறங்கி, தண்ணீரை இரண்டு பக்கமும் கிழித்து ஏறிற்று. இப்போது அவர் நிற்கவில்லை, எதையும் குனிந்து பார்க்கவில்லை. தனக்காக நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போகிறவரின் வேகம் அது. வளைவில் சிவப்பு விளக்கு ஒரு தரம் எரிந்தது. அணைந்தது. பிறகு மலை மங்கியது, ஐந்தரை ஆவதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தும் மங்கியது, மதில் மதிலாயிற்று, அடியில் வழிந்த தண்ணீர் மெலிந்து, ஒரு கயிறாகி, நூலாகி, ஈரமாகி, காய்ந்தது.

மறுநாள் மூன்று மணிக்கு மதில் மதிலாகவே இருந்தது. அதற்கு மறுநாளும். இருபத்திரண்டாம் நம்பர் வீட்டில் ஆறு விசில் விட்ட சோறு குழைந்துபோயிற்று.

மூன்றாம் நாள் நாலு பேரும் எமல்டாவின் வீட்டுக்கு வந்தார்கள். கடைசியில் வந்தவர் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்திருந்தார், புதன்கிழமைத் தண்ணீர். எமல்டா அவர்களை உட்காரச் சொல்லவில்லை.

"போங்க" என்றாள். "நாலு பேரும் வண்டிய எடுத்துட்டு அந்த எடத்துக்கே போங்க. அன்னிக்குப் போட்ட மாதிரியே கூடாரத்தப் போட்டு உக்காருங்க. எண்ணிப் பாத்து, எஞ்சின நிறுத்தட்டும் அவரு."

"கணவாய் ஜூன்லதான் மதினி திறப்பாங்க" என்றார் திரவியம்.

"ஜூன்ல போங்க."

ஒருவர் தன் முழங்காலைப் பார்த்தார். ஒருவர், ஜூனில் பிள்ளைக்குக் காலேஜில் இடம் வாங்க வேண்டியிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார். திரவியம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடம் கொண்டுவந்தவர், நாலு பேரிலும் மிகவும் இளகின மனசுக்காரர், கண் கலங்கி, "கண்டிப்பாப் போவோம் மதினி" என்றார். "போகாம இருப்பமா. கொஞ்சம் பொறுங்க."

எமல்டா அவர் முகத்தைப் பார்த்தாள். மற்ற மூன்று முகங்களையும் பார்த்தாள். பிறகு அவர் காலடியில் வைத்திருந்த குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். தூக்கிக்கொண்டு நடந்து வந்ததில் வண்டல் கலங்கி, மேல் வரைக்கும் சாம்பலாக இருந்தது.

"அத எடுத்துட்டுப் போங்க" என்றாள். "ராத்திரி பூரா அசையாம வையிங்க. தெளிஞ்சதும் குடிக்கலாம்."